நிம்மதி அணைந்த சாயங்காலம்

அப்பா அம்மா வைத்த பேர் அவளுக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. கடைத்தெருவில் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. 'லைட்டக்கா' என்று கேட்டால் சைக்கிளில் போகிறவர்கூட இறங்கி நின்று வழி சொல்வார். கடைகளுக்கு விளக்கு எரியும் போர்டு செய்து மாட்டுகிற பட்டறையை அவளும் அவள் வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்தினார்கள். எழுத்து வெட்டுவது, இரும்புச் சட்டம் அடிப்பது, ஏணி வைத்து ஏறி மாட்டுவது எல்லாம் அவர் பாடு. வெட்டிய எழுத்துக்குள்ளே பொடிப்பொடி விளக்குகளை வரிசையாக ஒட்டி, ஒயர் இழுத்து, எரியவைப்பது இவள் பாடு. கல்யாணமான புதிதில் பொழுது போகாமல் பட்டறையில் வந்து உட்கார்ந்தவள், ஒருநாள் விளையாட்டாக ஒயரைக் கையில் எடுத்தாள். அப்புறம் கீழே வைக்கவே இல்லை.

வானத்துப் பித்து பிடித்ததும் இந்த வேலையால்தான். புதுப் போர்டைப் பகலில் எரியவிட்டுப் பார்த்தால் எந்த எழுத்து மங்கல், எது பளிச் என்று தெரியாது. பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டும். யாரோ ஒருவருடைய மொட்டை மாடியில், சுவர் ஓரமாகக் குந்திக்கொண்டு, எப்போதடா இருட்டும் என்று மேற்கைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒருநாள் சூரியன் விழுந்த இடத்துக்கு மேலே ஒற்றை ஒளிப்புள்ளி கண்ணில் பட்டது. என்னங்க அது என்று கேட்டாள். ஏரோப்பிளேன் என்றார் அவர். போர்டைச் சோதித்துப் பார்த்து, சாமான்களைக் கட்டி இறங்கும்வரை அந்த ஏரோப்பிளேன் எங்கேயும் போய்ச் சேரவில்லை. கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். நூலகத்தில் புத்தகம் தேடி அது வெள்ளிக் கிரகம் என்று கண்டுபிடித்த பிறகு அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் வெறுங்கண்ணால் பார்த்தாள். பிறகு யாரோ விற்ற பழைய பைனாகுலர் வந்தது. பிறகு ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் புது கேமரா வாங்கியபோது அவருடைய பழையதை வாங்கிக்கொண்டாள். பட்டறையில் மிஞ்சிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து அவள் வீட்டுக்காரரே ஒரு ஸ்டாண்டு செய்துகொடுத்தார். மூன்று காலும் தரையில் ஊன்றி நின்றால் புயலடித்தாலும் அசையாது. தூக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும். அவர்கள் வீட்டு மாடிக்குப் போகப் படிக்கட்டு கிடையாது, சுவரோடு சேர்த்து அடித்த இரும்பு ஏணிதான். அதில் அந்த ஸ்டாண்டை ஏற்றியதோடு சரி, கீழே இறக்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அது பாட்டுக்கு நின்றது.

"பகல்ல லைட் விக்கறா, பொழுது சாய்ஞ்சா லைட்டைத் திட்டறா. இப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததே இல்லை" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஊரில் ஒவ்வொரு கடையாக விளக்குப் போர்டு மாட்ட மாட்ட, அவள் பார்க்கிற நட்சத்திரம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. கிண்டல் செய்தாலும் சாயங்காலம் டீ போட்டு, இரண்டு டம்ளரையும் ஒரே கையில் இடுக்கிக்கொண்டு ஏணியேறி மேலே வந்துவிடுவார். ஏணி அவருக்குத் தரை மாதிரி.

அப்புறம் அவர் விழுந்தார்.

பல் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு போர்டு மாட்டப் போன இடத்தில், யாரோ தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத்தில் ஏணியின் கால் வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய், தகடு வைத்துத் தைத்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, தடி ஊன்றி, தடியை விட்டு, ஒருவழியாக நடமாட ஆரம்பித்தார். லேசான சாய்மானம் மட்டும் நடையில் தங்கிவிட்டது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, பழையபடி எல்லாம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. அவர் ஏணிப் பக்கம் போகவில்லை. மாட்டுகிற வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்துக்கொண்டார்கள். காலில் பலம் வரட்டும் என்பார். வந்துவிட்டது என்று இருவருக்கும் தெரியும். அவர் சொல்வதை அவள் நம்புகிற மாதிரி இருந்தாள், அவள் நம்புவதை அவர் நம்புகிற மாதிரி இருந்தார். கலகலவென்று இருந்த மனிதர் எழுத்து வெட்டும் மெஷினோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார். மாடிக்கு டீ வருவதும் நின்றுபோனது.

இப்படி இருந்தபோதுதான் வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போன் பண்ணினாள். "அம்மா, உன் கட்சி ஆள் ஒருத்தர் வர்றாராமே, வாலோட?" என்றாள். இவளுக்கு முன்பே தெரியும். வானம் பார்க்கிறவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் இரண்டு மாதமாக இதே பேச்சுதான். வால் நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது உடைந்து சிதறிவிடும் என்று பாதிப் பேர், தப்பிவிடும் என்று பாதிப் பேர். தப்பிவிட்டது. சூரியனைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரிய ஆரம்பித்தது. தெற்கே கடற்கரையில் இருந்த ஒருத்தர் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு அவள் அன்றைக்கு வைத்த ரசத்தில் உப்பே போடவில்லை. வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

முதல் சாயங்காலம் மேற்கு முழுக்கப் புகைமூட்டம். இரண்டாவது சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கேமராவை ஸ்டாண்டில் முடுக்கி, வெள்ளியை வைத்து ஃபோகஸ் பார்த்து, லென்ஸ் வளையம் நகராமல் இருக்க ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். வால் நட்சத்திரம் எந்த இடத்தில் தெரியவேண்டுமோ சரியாக அந்த இடத்துக்குக் கீழே, இரண்டு தெரு தள்ளி, பளீரென்று எரிந்தது ஒரு போர்டு. மூன்று மாடி மெத்தைக்கடையின் உச்சியில் ஆள் உயரத்துக்கு நாலு எழுத்து: நிம்மதி.

அந்த போர்டைச் செய்தது அவர்கள்தான். அவர் விழுவதற்கு முந்தைய வருஷம் மாட்டியது. பக்கத்து ஊரிலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்று முதலாளியம்மா கேட்டதால், வழக்கமாக ஒட்டுவதைவிட இரண்டு மடங்கு விளக்கை இவளே உட்கார்ந்து ஒட்டினாள். இப்போது அந்த வெளிச்சம் மேற்கு வானத்தில் பாதியைச் சாப்பிட்டிருந்தது. எடுத்த படத்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிசிறு. வால் நட்சத்திரம் இருக்கவேண்டிய இடத்தில் 'தி'யின் மேல் வளைவிலிருந்து கிளம்பிய ஒளிக்கீற்றுதான் இருந்தது.

கீழே இறங்கி வந்து, "நிம்மதிதாங்க என் நிம்மதியைக் கெடுக்குது" என்றாள். வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே புறவழிச்சாலைப் பாலத்துக்குப் போனாள். பெரிய ஸ்டாண்டைக் கொண்டுபோக முடியாது, யாரிடமோ இரவல் வாங்கிய குச்சி மாதிரி ஒன்றுதான் இருந்தது. அங்கே இருட்டு நன்றாக இருந்தது. பைனாகுலரில் அதைப் பார்த்தேவிட்டாள். மங்கலான பஞ்சுத் துணுக்கு, அதிலிருந்து மேலே சின்னதாக ஒரு இழுப்பு. மூச்சு ஒரு நொடி நின்று வந்தது. ஆனால் படம்? ஒவ்வொரு லாரி போகும்போதும் பாலம் அதிர்ந்தது. நட்சத்திரமெல்லாம் புழு மாதிரி நெளிந்து விழுந்தது. போதாததற்கு வண்டியில் போகிறவர்கள் எல்லாரும் நிறுத்தி, என்னம்மா வண்டி பஞ்சரா என்று அக்கறையாக விசாரித்தார்கள், ஒருவர் விடாமல் ஹெட்லைட்டை அவள்மேல் அடித்தபடி.

வீட்டுக்கு வந்து யோசித்தாள். அசையாத தரை அவர்கள் மாடியில்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று நாளில் நிலா வளர்ந்து சாயங்கால வானத்தை வெளுத்துவிடும். அதற்குள் வால் நட்சத்திரமும் தூரம் போய் மங்கிவிடும். போர்டை அணைத்தால் ஒழிய வழியில்லை. அணை என்று போய்க் கேட்க எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? பரவாயில்லை, இருக்கிற முகத்தை வைத்துக்கொண்டே போவோம் என்று கிளம்பினாள்.

மெத்தைக்கடை முதலாளியம்மா சாமானியப்பட்டவர் இல்லை. புருஷன் போன பிறகு கடையை ஒற்றை ஆளாக இழுத்துப் பிடித்து, ஒரு மாடியை மூன்று மாடியாக்கியவர். வாங்க வருகிறவரை மெத்தையில் படுக்கச் சொல்லி, அவருக்கு எழுந்திருக்க மனம் வராத நேரமாகப் பார்த்து விலை சொல்வார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. லைட்டக்கா வந்த விஷயத்தைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"போர்டை அணைக்கச் சொல்றியா? நீ செஞ்ச போர்டும்மா அது."

"ஆமாம்மா, நான் செஞ்சதுதான். அதான் இவ்வளவு வெளிச்சமா எரியுது."

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பிடிகொடுக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம்தான் வியாபார நேரம், அந்த நேரத்தில் கடை இருண்டு கிடந்தால் மூடிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா என்றார். வால் நட்சத்திரம் வந்தால் ராஜாவுக்கு ஆகாது என்று சொல்வார்களே, அதைப் போய் வேலைமெனக்கெட்டுப் படம் எடுப்பார்களா என்றார். நாம் என்ன ராஜாவா அம்மா, நமக்கு ஒன்றும் ஆகாது என்று இவள் சமாதானம் சொன்னாள். பிறகு போனை எடுத்து, குழுவில் வந்திருந்த கடற்கரைப் படத்தைக் காட்டினாள். முதலாளியம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, படத்தை விரலால் பெரிசாக்கி, சின்னதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நம்ம கடைக்கு மேலயா நிக்குது?"

"எங்க மாடியிலேர்ந்து பார்த்தா உங்க கடைக்கு நேர் மேல நிக்குதும்மா."

"ஊர்ல இத்தனை கடை இருக்க, நம்ம கடைக்கு மேலயா" என்று முதலாளியம்மா இன்னொரு தரம் சொல்லிக்கொண்டார். குரலே மாறியிருந்தது. ஒவ்வொரு வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அது ஒவ்வொரு கடைக்கு மேலே நிற்கும் என்பதை லைட்டக்கா சொல்லவில்லை. பொய் சொல்லவில்லையே, கொஞ்சம் மிச்சம் வைத்துச் சொன்னோம், அவ்வளவுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். பேரம் படிந்தது. நாளைக்கு அரைமணி நேரம் போர்டை அணைப்பது. பதிலுக்குக் கடையும் வால் நட்சத்திரமும் சேர்ந்த படம் ஒன்று முதலாளியம்மாவுக்கு. புது வருஷத்து காலண்டரில் போட்டுக்கொள்வாராம்.

மறுநாள் வானம் தெளிவாகவே இருந்தது. வியாபார மும்முரத்தில் அந்தம்மா மறந்துவிடுவார், நான் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன் என்று வீட்டுக்காரர் தானாகவே சொன்னார். சட்டையை மாற்றிக்கொண்டு, அந்தச் சாய்மான நடையோடு தெருவில் இறங்கிப் போனார். இவள் மாடியேறி, கேமராவை மாட்டி, டேப்பைச் சுற்றி, எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு நின்றாள். சூரியன் இறங்கியது. மேற்கு பழுப்பாகி, ஊதாவாகி, வெள்ளி கண் சிமிட்டாமல் எட்டிப் பார்த்தது. போர்டும் பக்கென்று எரிய ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் பொறுத்தாள். அணையவில்லை. போன் அடித்தது. வீட்டுக்காரர்தான்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்விட்சை அணைத்தாயிற்றாம். போர்டு அசைந்து கொடுக்கவில்லையாம். அவர் படுக்கையில் கிடந்த காலத்தில் போர்டில் ஏதோ பழுது வந்து, முதலாளியம்மா வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறார். வந்த ஆள் ஸ்விட்சுக்குப் போகிற இணைப்பை வெட்டிவிட்டு, இருட்டினால் தானாக எரிகிற மாதிரி நேராகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இப்போது அணைக்கவேண்டுமானால் கடை மொத்தத்துக்கும் மெயினை அணைக்கவேண்டும். லிஃப்டில் ஆள் போய்க்கொண்டிருக்கிறது, அது நடக்காது. இல்லாவிட்டால் மேலே, போர்டுச் சட்டத்தின் முதுகில் இருக்கிற பெட்டியைத் திறந்து பிளக்கை உருவவேண்டும். அதற்குக் கடை மாடியிலிருந்து இன்னும் ஒரு ஏணி. கடையில் இருக்கிறவர்கள் மெத்தை தூக்குவார்கள், ஏணி ஏறமாட்டார்கள்.

"விடுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றாள்.

"நாளைக்கு நிலா வந்துரும்னு நீதானே சொன்னே?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டார்.

அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வானம் நிமிஷத்துக்கு நிமிஷம் இருண்டுகொண்டிருந்தது. வால் நட்சத்திரமோ கீழே இறங்கிக்கொண்டிருந்தது. போர்டு, பக்கத்து ஊருக்கும் தெரியும் என்று அவள் கொடுத்த உறுதிமொழியைக் காப்பாற்றுகிற மாதிரி, ஒரு விளக்கு விடாமல் எரிந்தது. இவ்வளவு நன்றாக வேலை செய்து தொலைத்தோமே என்று முதல்முறையாகத் தன் கையை நொந்துகொண்டாள். கேமராவைக் கழற்றிவிடலாம் என்று டேப்பின் நுனியைத் தேடிக் கை வைத்தாள்.

அப்போது நிம்மதி அணைந்தது. நாலு எழுத்தும் ஒரே மூச்சில்.

கண் பழக ஒரு நிமிஷம் ஆயிற்று. முதலில் போர்டின் வெறும் சட்டம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. பிறகு அதற்கு மேலே, அவள் எங்கே என்று தேடவே தேவையில்லாமல், அது நின்றது. தலை ஒரு சின்னப் பொட்டு. அதிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக வால், சாக்பீஸ் எழுத்தை உள்ளங்கையால் ஒரு இழு இழுத்த மாதிரி, போகப் போக அகன்று, எங்கே முடிகிறது என்று சொல்லமுடியாமல் கரைந்தது. பைனாகுலர் கழுத்தில் தொங்கியது, எடுக்கத் தோன்றவில்லை. கேமரா பக்கத்தில் நின்றது, அழுத்தத் தோன்றவில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை ஆயிரம் வருஷம் நடந்து வந்திருக்கிறது, நல்லவேளை நாம் வீட்டில் இருந்தோம் என்கிற மாதிரி ஒரு அசட்டு நினைப்பு வந்தது. தானாகச் சிரித்துக்கொண்டாள்.

தெருவில் சலசலப்புக் கேட்டது. கரண்ட் போய்விட்டதா என்று வாசலுக்கு வந்தவர்கள், தெருவிளக்கு எரிவதைப் பார்த்துக் குழம்பி, அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். அதோ, அதோ என்று ஒருத்தர் காட்ட, எங்கே, எங்கே என்று நாலு பேர் கேட்டார்கள். அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குச் சுரணை வந்தது. ஐயோ என்று கேமராவிடம் ஓடினாள். டேப்பில் கை வைத்ததில் வளையம் நகர்ந்திருந்தது. முதலில் எடுத்ததெல்லாம் மசமச என்று வந்தது. திரும்ப வெள்ளியைப் பிடித்து, ஃபோகஸ் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க ஆரம்பித்தாள். நாலு விநாடி திறப்பு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி நாலு விநாடி. போர்டு திரும்ப எரிந்தபோது வால் நட்சத்திரத்தின் தலை கடை உச்சியைத் தொட்டுவிட்டிருந்தது.

இறங்கி வந்தபோது வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. நடந்து வந்த களைப்பு என்று நினைத்தாள். யாருங்க அணைச்சது என்று கேட்டதற்கு, யாரோ ஒரு ஆள் ஏறினான் என்றார். நல்லா இருக்கட்டும் அவன் என்றாள். அவர் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டார்.

காலையில் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாகப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எழுத்து வடிவம் போடுகிற பெரிய திரை அது. மசமசத்ததைத் தள்ளி, தெளிவானதை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வால் அவள் கண்ணால் பார்த்ததைவிட நீளமாக, படத்தின் விளிம்புவரைக்கும் போயிருந்தது. படத்தின் அடியில் போர்டுச் சட்டம் கறுப்பாக நின்றது. சட்டத்தின் வலது ஓரத்தில் ஏதோ கறை மாதிரி இருந்தது. லென்ஸில் தூசோ என்று பெரிசாக்கினாள். தூசு இல்லை, ஆள். இரண்டு மூன்று படங்களில் அந்த ஆள் கலங்கலாக இருந்தான், அசைந்திருக்கிறான். ஒரு படத்தில் மட்டும் சிலை மாதிரி நின்றான். ஏணியின் உச்சியில், ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தலையை மேற்கே நிமிர்த்தி. வானத்தின் மிச்ச வெளிச்சத்தில் உருவத்தின் ஓரம் வரைந்த மாதிரி இருந்தது. உடம்பின் பாரத்தை ஒரு காலில் போட்டு, லேசாகச் சாய்ந்து நின்றான்.

அந்தச் சாய்மானத்தைத் தெரியாதவளா அவள்?

மெஷின் பக்கத்தில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இது யாருங்க?"

அவர் குனிந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "சட்டை என்னோடது மாதிரிதான் இருக்கு" என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏறிட்டேன்னு சொன்னா, நாளைக்கே நீ ஏணியைத் தூக்கி என் தோள்ல வெச்சிருவேன்னு பயம். ஒரு தடவை ஏறினது எப்படியோ ஏறினது. மறுபடி முடியுமான்னு எனக்கே தெரியாது."

"நான் வெப்பேனா?"

"வெக்க மாட்டே. ஆனா முகத்தைப் பார்ப்பே."

அது நிஜம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அவரே மெதுவாக, விட்டுவிட்டு, மிச்சத்தைச் சொன்னார். முதல் நாலு படியில் ஒவ்வொன்றிலும் நின்று ஏணியைக் கட்டிக்கொண்டாராம். கீழே இருந்து முதலாளியம்மா, ஏப்பா வேண்டாம் இறங்கு, உன் பெண்டாட்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது என்று கத்தினாராம். இறங்குவதற்கும் பயமாக இருந்ததால் ஏறினாராம். போர்டு வெளிச்சத்தில் கீழே தெரு, வண்டி, மனிதர்கள் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது, விழுந்தால் எங்கே விழுவோம் என்றுகூடத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைத் தடவித் திறந்து பிளக்கை உருவினாராம்.

"அணைஞ்சதும் கீழே ஒண்ணுமே தெரியலை. இருட்டு. கீழே தெரியலைன்னதும் நடுக்கம் நின்னுபோச்சு. சரி, நீ இத்தனை நாளா என்னத்தைத்தான் பார்க்கறேன்னு நிமிர்ந்து பார்த்தேன்." முழங்காலை ஒரு தரம் நீவிக்கொண்டார். "ரொம்ப நேரம் நின்னுட்டேன் போல."

அவள் கையில் இருந்த துணியால் திரையைத் துடைத்தாள். அதில் தூசே இல்லை.

மத்தியானம் படத்தைக் குழுவில் போட்டாள். அதுவரை அங்கே வாயே திறக்காத ஆள் அவள். படம் அருமை என்று பலர் சொன்னார்கள். ஒருத்தர் மட்டும், ஓரத்தில் யாரோ நிற்கிறார்கள், அதை வெட்டிவிட்டால் இன்னும் அழகாக இருக்கும் என்று யோசனை சொன்னார். இவள், அவர் எங்கள் வீட்டுக்காரர், வெட்ட முடியாது என்று பதில் போட்டாள். அதற்கு இரண்டு நாள் சிரிப்பு ஓடியது.

முதலாளியம்மாவிடம் பெரிய பிரிண்டு போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள், இரண்டு பேருமாக. அவர் படத்தைக் கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். முகம் சுண்டியது. "எல்லாம் சரிம்மா. கடை பேரே தெரியலையே" என்றார். போர்டை அணைத்துவிட்டு எடுத்த படத்தில் போர்டு எப்படித் தெரியும் என்று இவள் விளக்கப் போனாள். வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, பேரைக் கீழே நான் அழகாக எழுதித் தருகிறேன் அம்மா என்றார். முதலாளியம்மா அரைமனசோடு ஒப்புக்கொண்டார். வெளியே வரும்போது பின்னாலேயே வந்து, அன்றைக்கு அணைத்ததும் தெருவே வந்து கடை வாசலில் நின்றதாகவும், அதில் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்து உள்ளே வந்து தலையணை வாங்கிக்கொண்டு போனதாகவும் சொன்னார். அடுத்தது எப்போது வரும் என்றும் விசாரித்தார். அது யாருக்கும் தெரியாது, வந்தால் வந்ததுதான் என்று லைட்டக்கா சொன்னதும், வருகிற அன்றைக்கு முன்கூட்டியே சொல்லிவிடு என்றார்.

அந்த வேலையோடு வேலையாக போர்டுக்கு ஸ்விட்ச் இணைப்பைத் திரும்பக் கொடுக்கவேண்டியிருந்தது. மாட்டுகிற வேலைக்கு வைத்திருந்த ஆளை அனுப்பினார்கள். வீட்டுக்காரர் ஏறவில்லை. இவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கென்றே கீழே உட்கார்ந்து இல்லாத ஒயரைச் சீவிக்கொண்டிருந்தாள்.

நிலா வந்தது, வானம் வெளுத்தது. நிலா தேய்ந்து சாயங்காலம் திரும்ப இருண்டபோது வால் நட்சத்திரம் உயரமாக ஏறியிருந்தது. ஆனால் வெறுங்கண்ணுக்கு எட்டாத அளவு மங்கிவிட்டது. பைனாகுலரில் தேடினால்தான் அகப்படும். அவள் மாடியில் நின்று, தெரிந்த நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, அதிலிருந்து இடப்பக்கமாக நகர்த்தித் தேடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பின்னால் இரும்பு ஏணி கிறீச்சிட்டது. திரும்பவில்லை. ஒரு படி, ஒரு நிறுத்தம். ஒரு படி, இன்னொரு நிறுத்தம். பாதியில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. இறங்கிவிட்டார் போல என்று நினைத்தாள். பைனாகுலரில் எதுவும் தெரியவில்லை, அவள் கண் அதில் இல்லவே இல்லை. மறுபடி கிறீச்சிட்டது.

மேலே வந்து, மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீ கொண்டுவர முடியலை. ரெண்டு கையும் ஏணிக்கே வேண்டியிருக்கு" என்றார்.

"இறங்கினப்புறம் குடிச்சுக்கலாம்" என்று சொல்லி, பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டினாள். எந்த நட்சத்திரம், எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று தோளில் கை வைத்துத் திருப்பிச் சொல்லிக்கொடுத்தாள். தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது தெரிகிறது என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பளிச்சென்று இருக்கிறது என்றார். அப்படியானால் அது இல்லை, வேறெதையோ பார்க்கிறீர்கள் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம் அவர் பேச்சை நிறுத்தினார். கையை அசைக்காமல், வாய் லேசாகத் திறந்திருக்க, அப்படியே நின்றார்.

"ஊதினா கலைஞ்சுரும் போல இருக்கு" என்று மெல்லச் சொன்னார்.

"அதேதான்" என்றாள் அவள்.